உடையாருக்கு வாய் கொடுத்தவர்

திருகோணமலையில் எங்கள் கொட்டில் வரிசைக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் முதலில் கிடைக்கும் புத்திமதி ஒன்றுதான். "உந்தக் கடைசிக் கொட்டில் அக்காவிட்டை மட்டும் வாய் குடுத்திடாதேங்கோ." எனக்கும் சொன்னார்கள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். விஷயம் நேர்மாறு என்று பிறகுதான் விளங்கியது. அவரிடம் யாரும் வாய் கொடுக்கத் தேவையே இல்லை. அவர்தான் ஊருக்கெல்லாம் வாய் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எது வாயசைத்தாலும் அதற்கு ஒரு பேச்சு வைத்துவிட வேண்டும் அவருக்கு. கோட்டைப் பக்கத்து மான்கள் தெருவில் வந்து வாழைப்பழத் தோல் தின்னும். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் வருகிற ஒரு குரலில், "மனிசருக்குக் கூப்பன் அரிசி, எங்களுக்கு உந்தத் தோலோ? சண்டை பிடிக்கிறது நீங்கள், மெலியிறது நாங்களோ?" என்பார். மானும் அந்த நேரம் பார்த்துத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்க்கும். சிரிக்காமல் இருக்க ஏலாது.

துறைமுக இறங்குதுறையில் இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் நின்று கப்பலைக் காட்டிக் காட்டிக் கதைப்பது எங்கள் வேலியிலிருந்து தெரியும். ஒரு சொல் கேட்காது. அக்கா சொல்லுவார்: "'அண்ணை, உது எங்கட கப்பலோ?' 'ஓம் தம்பி, நேற்று நான்தான் கட்டி வைச்சனான். இப்ப கயிற்றைக் காணேல்லை.' 'ஆர் எடுத்தது?' 'மாடு கட்ட ஆரோ கொண்டு போட்டாங்கள்.'" அதிகாரி நிஜமாகவே தலையில் கை வைப்பார். எங்கள் வரிசைப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிடுவார்கள். யுத்த காலத்தில், தலைக்கு மேல் ஆகாயக் கப்பல் இரைந்துகொண்டிருந்த ஊரில், நாங்கள் சிரித்த சிரிப்பில் முக்கால்வாசி அவர் தந்தது.

எல்லா இடத்திலும் அது நல்லதுக்கு முடிந்ததென்று சொல்லமாட்டேன். ஒருமுறை ஒரு செத்த வீட்டுக்குப் போனோம். பிரேதத்தின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்த துணி சற்று நழுவி, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவ்வளவுதான். அக்கா என் காதுக்குள், "இவ்வளவு காலமும் கதைக்க விடாத பெண்சாதி, இப்பவும் வாயைக் கட்டிப்போட்டாள் பாருங்கோ," என்றார். நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தேன். அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் இன்றுவரை எனக்கு முகம் தரவில்லை. அக்காவுக்கோ அங்கேயே தேத்தண்ணி கொடுத்தார்கள்.

நான் சம்பூரிலிருந்து குடாவைத் தோணியில் கடந்து வந்தவள். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு பட்டினத்தில் பாதிச் சனம் உள்ளூர்களுக்கு ஓடிவிட்டது. துறைமுகத்தில் வேலைக்கு ஆள் இல்லை, போனால் உடனே எடுக்கிறார்கள் என்று என் கணவர் கேள்விப்பட்டார். எல்லாரும் விட்டு ஓடுகிற இடத்துக்கு நாங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினோம். இடுப்பில் ஒரு வயதும் நிரம்பாத மகள். எங்களைப் போலவே நிலாவெளியிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, கடல் கடந்து இந்தியாவிலிருந்து என்று பலரும் வந்து துறைமுகத்துக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் போட்டிருந்தார்கள்.

வேலை கிடைத்தது, கொட்டிலும் கிடைத்தது. தண்ணீர்தான் கிடைக்கவில்லை. குழாய் குண்டில் உடைந்து போய், திருத்திய மிச்சம் படைக்காரர் பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் வரிசைக் கிணறு சவர், உப்புக் கரிக்கும். குளிக்கலாம், துவைக்கலாம், குடித்தால் வயிறு கேட்காது. மகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கி, நின்று, திரும்பத் தொடங்கி, பிள்ளை எலும்பும் தோலுமாகப் போய்க்கொண்டிருந்தாள். மருந்துச்சாலை அப்போதிக்கரி ஐயா மருந்துத் தண்ணீரைப் போத்தலில் ஊற்றித் தந்துவிட்டு, "மருந்து பிறகு பிள்ளை, முதல்லை நல்ல தண்ணி குடுங்கோ. சவர் குடுத்தா நான் என்ன மருந்து தந்தும் பிரயோசனமில்லை," என்றார்.

நல்ல தண்ணீர் எங்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கமே இருந்தது. உடையார் கிணறு. ஒருகாலத்தில் ஊர்த் தலைவராயிருந்த அந்த உடையார் செத்துப் பல தலைமுறையாகிவிட்டது. எந்த ராசா காலத்தில், எந்த வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவர் அதட்டினால் கடலே பின்வாங்குமாம். பஞ்சத்தில் ஊரைக் காப்பாற்றினாராம். கிணறு இருந்த அவருடைய வளவில், வீட்டு முன்மண்டபத்தில், தெருவுக்குத் தெரிகிறமாதிரிப் பெரிய வர்ணப் படம்: மார்பில் பட்டுப் பட்டி, பதக்கம், முகத்தில் பாதி மீசை. துறைமுகத்துக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வருசத்தில் ஒருநாள் மாலை போட்டு, மேளம் அடித்து, பொங்கல். அப்போது வளவை ஆண்டவர் அவருடைய வழியில் வந்த பெரியவர்; ஊர் முழுக்க அவரைப் பெரியையா என்றுதான் அழைக்கும்.

நான் குடத்தோடு போனேன். பெரியையா வாசலுக்கு வந்தார். கெட்ட முகமில்லை. பேசுமுன் தொண்டையைச் செருமுவார். "க்ஹும். கோவிக்கக் கூடாது பிள்ளை. வெளியூர்ப் பிறத்தி ஆக்களை இஞ்சை அள்ள விடுறேல்லை. உது உடையார் வைச்ச ஒழுங்கு. நான் வைச்சதில்லை." நான் பேசாமல் திரும்பினேன். பெரிய மனிதரின் வாசலில் நின்று மறுத்துப் பேச எங்கள் வீட்டில் யாரும் பழக்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார். பின்னேரம் வரிசைப் பெண்களைக் கூட்டி வைத்து அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார். பெரியையாவுக்கு அவருடைய செருமல். எனக்கு? "ஓய் பெரியையா! உடையார் உயிரோடை வந்து சொல்லட்டும், நான் போறன். அவர் வராட்டில் வாளியைத் தாரும்!" என்று கீச்சுக் குரலில் ஒரு போடு போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. "அக்கா, எனக்கும் கடவுள் வாய் தந்திருக்கிறார். நீங்கள் என்ரை வாயாலை கதைக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படலையைச் சாத்தினேன்.

சிறிது நேரத்தில் படலைக்கு வெளியே வந்து நின்றார். சமாதானம் சொல்லத் தெரியாத மனிசி. நின்றபடியே தன் தாயைப் பற்றிச் சொன்னார். தாய் பிறவியிலேயே வாய் பேசாதவர். மீன் சந்தையில் தாய் கையைக் காட்ட, சின்னப் பிள்ளையாய்ப் பக்கத்தில் நின்று அக்காதான் விலை பேசுவாராம். தாய் கோபித்தால் அந்தக் கோபத்தையும், தாய் யாரையாவது ஏசினால் அந்த ஏச்சையும் அக்காதான் வாய் திறந்து சொல்ல வேண்டும். "அம்மாவுக்கு நான் நல்ல தடிச்ச குரல் வைச்சிருந்தனான் பிள்ளை. சந்தையிலை பயப்படுவாங்கள். அவவிட்டைக் குரல் இருந்திருந்தா அது எப்பிடி இருந்திருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? மெல்லிசாவும் இருந்திருக்கலாம்." அதற்குப் பிறகு எனக்கு அவர்மீது கோபிக்க முடியவில்லை.

என் மகளுக்கும் குரல் வைத்திருந்தார். பிள்ளை ஒன்றும் பேசாது; வயதுக்கேற்ற மழலைகூட இல்லை. சுகமில்லாத பிள்ளை, சும்மா பார்த்துக்கொண்டே கிடக்கும். அக்கா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விதானையார் வழக்குத் தீர்க்கிற கரகரத்த குரலில், "ஏ பெண்ணே! என்ன உது சவர்த் தண்ணி? ஆரும் கேட்பாரில்லையோ இந்தப் பட்டினத்திலை? கூப்பிடு கங்காணியை!" என்பார். பிள்ளை அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். சில நேரம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே நான் அவரைத் தேடிப் போவேன்.

இனிப் படக் கொட்டகைக்கு வருகிறேன். பழைய தேங்காய்க் கிடங்கு ஒன்றைத் துப்புரவாக்கி, சுவரோட்டைகளில் சாக்கு அடைத்து, ஒரு முதலாளி படம் காட்டிக்கொண்டிருந்தார். பேசும் படத்துக்கு மெசின் வாங்க அவருக்கு வசதியில்லை. எங்கேயோ தூசி பிடித்துக் கிடந்த பழைய ஊமைப் படங்களைக் கொழும்பிலிருந்து எடுப்பிப்பார். கையால் சுற்றுகிற மெசினில் ஓடும். இருட்டடிப்புச் சட்டம் என்பதால் இரவில் காட்ட ஏலாது. வெயில் மண்டையைப் பிளக்கிற பின்னேரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, வேர்த்து வடிந்துகொண்டு பார்க்க வேண்டும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொல்லுவார். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் குண்டு விழுந்ததும் தம்பலகாமத்துக்கு ஓடியவர்தான். முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டதற்கு, "இஞ்சை யானை வந்தா மரத்திலை ஏறலாம். அங்கை குண்டு வந்தா எதிலை ஏறுறது?" என்று பதில் வந்தது.

கதை சொல்ல ஆளில்லாமல் படம் ஓடிய முதல் நாளே அக்கா பெண்கள் பக்கத்து வாங்குப் பலகையிலிருந்து தொடங்கிவிட்டார். அவரால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய முகங்கள், இவ்வளவு பெரிய வாய்கள், ஒரு சத்தமில்லை! கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்ததும், "கை என்ன உப்பிடி மணக்குது? கருவாடு வெட்டினனீரோ?" என்று நிலாவெளி மீன்காரர் பேச்சில் விட்டார். கொட்டகை அதிர்ந்தது. முதலாளி திரும்பிப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து அக்கா திரைக்குப் பக்கத்தில் நின்றார். அதுவரை கிடுகு பின்னிச் சீவித்த மனிசிக்கு முதல்முறையாகப் பிடித்த வேலை ஒன்று கிடைத்தது. ஆண்குரல், பெண்குரல், குதிரை, மழை, கதவு எல்லாம் அவரே.

அப்போதுதான் அந்தப் பேய்ப்படம் வந்தது. முதல் ரீல் இல்லை, ஆகவே படத்தின் பெயர் என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஏதோ குளிர் தேசம். ஊர் நடுவே ஒரு மகானுடைய சிலை. சனம் வந்து பூவளையம் வைத்து வணங்குகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுகிறார்கள். பிறகு பார்த்தால், அந்த மகான் செத்தவரில்லை. தன் மாளிகைக்குக் கீழே நிலவறையில் கல்லுப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். பொழுது பட்டதும் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி, ஊராரின் ரத்தம் குடிக்கிறார். அவரைப் பற்றிய பெருமைக் கதைகளுக்கு அடியில் அத்தனை எலும்புகள். காணாமல் போன தமையனைத் தேடி ஒரு பெண் விளக்கோடு நிலவறைக்குள் இறங்குகிறாள்.

கதை பயங்கரம்தான். ஆனால் படத்தை எடுத்தவர்கள் எங்கள் கோயில் திருவிழாக் கூத்துக்காரரைவிட மோசம். வௌவால் பறக்கிறது, அதைக் கட்டிய நூல் பளிச்சென்று தெரிகிறது. மாளிகைச் சுவரில் ஒருவர் சாய்ந்தால் சுவர் காற்றில் ஆடுகிறது. பேய் மூடியைத் திறந்து கம்பீரமாக எழும்பும்போது அதன் நீண்ட அங்கி மூடிக்குள் அகப்பட்டுவிடும். பேய் இழுக்கும், வராது, பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்கும். முதலாளி அக்காவை முன்கூட்டியே கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு பேயின் முகம் பெரிதாகத் திரையில் வந்தது. மார்பில் பட்டி, பதக்கம், முகத்தில் பாதி மீசை. அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"முதலாளி," என்றார், "உவரை எனக்குத் தெரியும்."

முதல் காட்சிக்கு நானும் மகளை மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். பேய் பெட்டிக்குள்ளிருந்து எழும்பியது. வாயைத் திறந்தது. "க்ஹும்," என்றது பேய். கொட்டகை சிரிப்பில் பிளந்தது. அக்கா அதோடு விட்டாரா? அந்தப் பெண்ணின் கையில் இருந்தது விளக்கு, அதைக் குடமாக்கிவிட்டார்.

"ஐயா, பிள்ளைக்குச் சுகமில்லை. ஒரு குடம் நல்ல தண்ணி."

"க்ஹும். பிறத்தி ஆக்களுக்கு இல்லை. உது ஒழுங்கு."

"ஆர் வைச்ச ஒழுங்கு ஐயா?"

"நான்தான். செத்துக் கனகாலம். எண்டாலும் ஒழுங்கு பிழைக்குதோ எண்டு பாக்க நெடுக எழும்பி வரவேண்டிக் கிடக்கு. கண்ணிலை நித்திரையில்லைப் பிள்ளை!"

"அப்ப ஏன் ஐயா ரத்தம் குடிக்கிறியள்?"

"என்ன செய்ய? கிணத்தைப் பூட்டித் திறவுகோலையும் நானே தொலைச்சுப்போட்டன். எனக்கும் தாகம்தானே!"

உடையார் என்ற சொல்லை அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அடுத்த நாள் பட்டினம் முழுக்க அதே கதை. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து "க்ஹும்" என்றார்கள். முன்மண்டபப் படத்தைக் கும்பிட்டுப் போகிறவர்களில் சிலருக்குக் கும்பிடும்போதே சிரிப்பு வந்தது. உடையார் உண்மையில் நல்லவரோ கெட்டவரோ எனக்குத் தெரியாது. அவருக்கும் இதெல்லாம் தெரிய நியாயமில்லை, பாவம்.

முதலாளி நடுங்கிப்போனார். கொட்டகை நின்ற நிலம் உடையார் வளவுக்குச் சொந்தம். "அவர் ஒரு சொல்லுச் சொன்னா நாளைக்கே நான் சாக்கையும் சுருட்டிக்கொண்டு போகவேணும். உனக்கும் பழையபடி கிடுகுதான். கதையை மாத்து," என்று கெஞ்சினார். நானும் பயந்தேன். "அக்கா, விடுங்கோ. எவ்வளவு தூரம் நடந்தெண்டாலும் வேறை கிணறு தேடி நான் அள்ளிக்கொண்டு வாறன். எனக்காக நீங்கள் வேலையை இழக்க வேண்டாம்," என்றேன். அக்கா என் மகளைத் தூக்கி எடை பார்ப்பதுபோலக் கையில் வைத்திருந்தார். முகத்தில் விளையாட்டு இல்லை. "முந்தாநாள் தூக்கினதிலும் இண்டைக்குப் பாரம் குறைவு," என்றார்.

அன்றைய காட்சிக்குப் பெரியையாவே வந்தார். முன்வரிசையில் அவருக்கென்று கதிரை போடப்பட்டது. நான் பெண்கள் பக்கத்தில் முன்னுக்கு இருந்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்ற அக்காவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது தெரிந்தது. மாற்றித்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், மாற்றிச் சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன்.

மூடி திறந்தது. பேய் எழும்பியது. அங்கி அகப்பட்டது. அக்கா பெரியையாவை ஒருமுறை பார்த்தார்.

"க்ஹும்," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெண் குடம் கேட்டாள், பேய் பிறத்தி என்றது, பெண் பிள்ளைக்குச் சுகமில்லை என்றாள். பெரியையா எழும்பிவிட்டார். அவர் நிழல் திரையில் விழுந்து பேயின் நெஞ்சை மறைத்தது. கோபத்தில் செருமக்கூட மறந்துவிட்டார்.

"நிப்பாட்டு! எங்கட உடையார் ஆருக்குத் தண்ணியை மறிச்சவர்? தாகமெண்டு வந்த ஒரு சீவனை அவர் மறிச்சாரெண்டு ஆர் சொன்னது? பேய்க்கதை! முழுக்க முழுக்கப் பேய்க்கதை!"

எங்கள் பக்கத்தில் வீண்பேச்சு, புளுகு எல்லாவற்றையும் பேய்க்கதை என்றுதான் சொல்லுவோம். பெரியையாவும் அந்தக் கருத்தில்தான் சொன்னார். மெசின்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டேயிருந்தார். திரையில் பேய் ஊமையாய் வாயசைத்துக்கொண்டிருந்தது. அக்கா அதற்குக் குரல் கொடுக்கவில்லை. சபைக்கு முன்னால் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் பேசினார். அது இவ்வளவு மெல்லிய குரல் என்று எங்களில் பலருக்குத் தெரியாது.

"ஓம் ஐயா. பேய்க்கதைதான். நானும் வேறை என்ன சொன்னனான்? பேய்ப்படம், பேய் சொல்லுற கதை. அப்ப உடையார் ஒருத்தரையும் மறிக்கேல்லை?"

"மறிக்கேல்லை!"

"பிறத்தி ஆக்களையும்?"

பெரியையா பின்னால் திரும்பிப் பார்த்தார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. அதில் அவருடைய சொந்தக்காரரும் இருந்தார்கள். உடையார் பெயரை அவர் உண்மையாகவே நேசித்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவருக்கு அந்த இடத்தில் ஒரு வழிதான் இருந்தது.

"ஆரையும் மறிக்கேல்லை," என்றார்.

"சபையிலை எல்லாரும் கேட்டனீங்கள்தானே? இவ்வளவு காலமும் நாங்கள்தான் ஆரோ சொன்ன பேய்க்கதையை நம்பி உடையாரைப் பிழையா நினைச்சுப்போட்டம். மன்னிக்கவேணும் ஐயா. நாளைக்குக் காலமை குடத்தோடை வாறம்."

பின்வரிசையிலிருந்து யாரோ கைதட்டினார்கள். பிறகு கொட்டகை முழுக்கத் தட்டியது. பெரியையா மெல்லக் கதிரையில் இருந்தார். மிச்சப் படத்தையும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

காலையில் வளவுப் படலை திறந்து கிடந்தது. போவதா வேண்டாமா என்று நாங்கள் குடங்களோடு தெருவில் குவிந்து நின்றோம். அக்கா என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினார். கிணற்றடியில் பெரியையா நின்றார்.

"எந்த ஊர் பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

பழக்கத்தில் நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா கிணற்றுக் கப்பியை வலு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், உலகத்தில் அதைவிட அதிசயம் இல்லை என்பதுபோல. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் கேளாமலே என் வாயால் கதைத்த மனிசி!

"சம்பூர்," என்றேன். குரல் நடுங்கினாலும் வெளியே வந்துவிட்டது. "மகளுக்குச் சுகமில்லை. அதாலைதான் அண்டைக்கும் வந்தனான்."

பெரியையா தலையாட்டினார். "க்ஹும். கயிறு பழசு பிள்ளை. பாத்து அள்ளும்," என்றார்.

சில நாளில் கயிறும் புதிதாக வந்தது. கொட்டகையையும் அந்த நிலத்திலிருந்து ஒருவரும் எழுப்பவில்லை. அக்காவும் தன் பங்குக்குக் கதையை மாற்றினார், இந்த முறை யாரும் கேளாமலே. படத்தின் முடிவில் ஊரார் திரண்டு வந்து பேயின் நெஞ்சில் மரமுளையை அடித்து இறக்குவார்கள். அக்கா அந்த இடத்தில், "பயப்பிடாதேங்கோ, ஐயாவுக்கு நெஞ்செரிவு, வைத்தியம் நடக்குது. இனித் தண்ணி குடிப்பார், ரத்தம் வேண்டாம்," என்றார். பேய் கண்ணை மூடியதும், "அப்பாடா! இனி நித்திரை கொள்ளலாம். ஒழுங்கை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ," என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அதைப் பார்க்கப் பெரியையா மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது.

யுத்தம் முடிந்து கொட்டில்கள் கலைந்தன. நாங்கள் சம்பூருக்குத் திரும்பினோம். பேசும் படங்கள் வந்துவிட்டதால் திரைக்குப் பக்கத்தில் நிற்க ஆள் தேவைப்படவில்லை. அக்கா கல்முனைப் பக்கம் தங்கையோடு போனார் என்றார்கள். அங்கே எந்த மானுக்கு, எந்த மாட்டுக்குக் குரல் வைத்தாரோ. பிறகு நான் காணவில்லை. ஆனால் ஒரு காட்சி மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது, அதைச் சொல்லாமல் முடிக்க ஏலாது.

நல்ல தண்ணீர் குடிக்கத் தொடங்கி, மகளின் வயிற்றோட்டம் நின்று, கன்னத்தில் சதை வைக்க ஆரம்பித்த காலம். கிணற்றடியில் நான் அள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா கல்லில் குந்தியிருந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தார். வாளி மேலே வந்து தண்ணீர் தளும்பியது. பிள்ளை வாளியைப் பார்த்து வாயைத் திறந்தாள். அக்கா உடனே விதானையாரின் கரகரத்த குரலில், "ஏ பெண்ணே! கொண்டா உதை..." என்று தொடங்கினார்.

"தண்ணி," என்றாள் மகள்.

கீச்சென்று, குருவிக் குஞ்சின் சத்தம்போல. அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. நான் கயிற்றை விட்டுவிட்டேன். வாளி போய்க் கிணற்றுக்குள் விழுந்த சத்தம் வளவு முழுக்கக் கேட்டிருக்கும். அக்கா திறந்த வாயை மூடவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்தார். மகள் அவருடைய தாடையைப் பிடித்துக்கொண்டு இன்னுமொருமுறை, கொஞ்சம் அதிகாரத்தோடு, "தண்ணி!" என்றாள்.

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் வைச்ச குரல் பிழை பிள்ளை," என்றார் என்னிடம். "நல்ல பிழை. இவளின்ரை இப்பிடி இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை. நீ கெதியா அள்ளு, அவள் கேக்கிறாள்."